தரையிலிருந்து எத்தனை அங்குலம்?

மின்சார எஸ்யூவி வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களே,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. வயது 69, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், புடவை கட்டிக்கொண்டுதான் கார் ஓட்டுவேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருக்கையை அளக்க உங்கள் துறையில் ஒரு பொம்மை வைத்திருக்கிறீர்கள். நடுத்தர அளவுள்ள அமெரிக்க ஆணின் உடம்பைக் கணக்காக வைத்துச் செய்த பொம்மை. இடுப்பு எங்கே வரும், முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதையெல்லாம் அதை உட்காரவைத்துத்தான் பார்க்கிறீர்கள். அந்தப் பொம்மையைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். அளந்து முடிந்ததும் தூக்கி வெளியே எடுக்கிறார்கள். அது தானாக ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

நான் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மின்சார வண்டி எனக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் இடது முழங்காலில் தேய்மானம். காந்திபுரம் சிக்னலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டுப் போனால் அன்று ராத்திரி தைலம் தேய்க்காமல் தூக்கம் வராது. எலும்பு மருத்துவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “டீச்சர், ஓட்டுங்க, ஆனா கிளட்ச் வேண்டாம்.” சரி என்று போன கார்த்திகையில் ஒரு மின்சார எஸ்யூவியை ஓட்டிப் பார்த்தேன். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் 2025-ல் திறந்தார்களே, பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம், அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. காலை எடுத்தாலே வேகம் குறைகிறது; பிரேக்குக்குக் கூட அதிகம் வேலை இல்லை. இடது கால் சும்மா ஓரமாக உட்கார்ந்திருந்தது. 32 வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இவ்வளவு சுகமாக ஓட்டியதே இல்லை என்று இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். வயது 74, வலது முழங்கால் மாற்று அறுவை செய்தவர்.

பாலம் முடிந்து, ஷோரூமுக்குத் திரும்பி, வண்டியை நிறுத்தினோம். அதன்பிறகுதான் கதை. நான் இறங்கக் காலை நீட்டினேன், தரை கிடைக்கவில்லை. இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் செருப்பின் நுனி மட்டும் சிமெண்டைத் தொட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் கூடையிலிருந்து கோழி குதிக்கிற மாதிரி குதித்தேன். குதித்த அதிர்ச்சி முழுவதும் அதே இடது முழங்காலில். அந்தப் பக்கம் இவர் பாதி இறங்கி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, பிடிக்க ஒன்றும் இல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு அசைந்தது. விற்பனைப் பையன் ஓடி வந்து தாங்கினான்.

கிளட்ச்சில் மீட்டுக் கொடுத்த முழங்காலை வாசலில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

உங்களைத் திட்ட வரவில்லை. உயரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். பேட்டரியைத் தரைக்கு அடியில் பலகை மாதிரி பரப்புகிறீர்கள். அது நல்ல யோசனை. கனம் அடியில் இருந்தால் வளைவில் வண்டி சாயாது, பதினோராம் வகுப்புப் பாடம். ஆனால் அந்தப் பலகைக்கும் நாலு அங்குலம், ஐந்து அங்குலம் என்று தடிமன் உண்டு. நம் ஊர் வேகத்தடைகளுக்கு வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே இடைவெளியும் விட்டாக வேண்டும். ஆகவே தளம் மேலே போகிறது. தளம் மேலே போனாலும் கூரையை மேலே விட முடியாது. கூரை உயர்ந்தால் காற்றின் தடையும் கூடும், அந்தத் தடை வேகத்தின் இருமடியில் ஏறுவது வேறு, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். மேலே வந்த தளம், ஏறாத கூரை. இந்த இரண்டுக்கும் நடுவே மனிதனை மடித்து வைக்கிறீர்கள். பின் இருக்கையில் இவர் உட்கார்ந்தபோது முழங்கால்கள் வயிற்றுக்கு நேராக வந்தன, குத்துக்காலிட்டு உட்கார்ந்த மாதிரி. மாற்று மூட்டு வைத்தவருக்கு அதிலிருந்து எழுவது என்ன பாடு என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பக்கவாட்டுப் படியும் அப்படித்தான். கதவைத் திறந்தால் கீழே அகலமாக ஒரு வரம்பு இருக்கிறதல்லவா? நான் பார்த்த ஒரு வண்டியில் அது ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்திலிருந்து மோதினால் பேட்டரி நசுங்கக் கூடாது என்று அதைப் பலமாகச் செய்கிறீர்கள். பாரத் என்கேப் சோதனையில் கம்பத்தின் மேல் பக்கவாட்டில் மோதிப் பார்க்கிறார்கள். அதில் தேற வேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஓர் ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால் அவருடைய ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேலே வர வேண்டும். அந்த வரம்பு பாதத்தை ஏழு அங்குலம் தள்ளி வைக்கிறது. தூரம் கூடினால் திருப்புத்திறன் கூடும், அந்தப் பாரத்தைச் சுமப்பது தொடைத் தசை. இளவயதில் அந்தத் தசைக்கு இது பொருட்டே இல்லை. உங்களில் யாராவது என் வகுப்பில் படித்தவர்கள் இருந்தால் பத்து மதிப்பெண் கேள்வியாகவே இதைக் கேட்டிருப்பேன்.

சொல்ல மறந்தேன், அந்த வரம்பில் படிந்திருக்கும் சேறும் தூசியும் முழுக்கப் புடவையின் கரையில்தான் வரும். வேட்டிக்கும் அதே கதி. விளம்பரத்தில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் கால்சட்டை போட்டவர்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஏழு ஷோரூம் ஏறினோம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. குறை ஒருவரிடம் மட்டும் இருந்தால் பெயர் சொல்லலாம். ஒவ்வொரு இடத்திலும் திரையைக் காட்டினார்கள். இன்னொரு திரையைக் காட்டினார்கள். கூரைக் கண்ணாடி திறந்து மூடியது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எத்தனை விநாடி என்று சொன்னார்கள். ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஏழு இடத்திலும் ஒரே பதில்: “கிரவுண்ட் கிளியரன்ஸா மேடம்?”

இல்லையப்பா. கிளியரன்ஸ் வண்டியின் வயிற்றுக்கு. நான் கேட்டது என் இடுப்புக்கு.

வேடிக்கை என்னவென்றால், வண்டியின் வயிற்றை அளக்க அரசாங்கத்துக்கே ஓர் எண் இருக்கிறது. பெட்ரோல், டீசல் வண்டிகளில் எது எஸ்யூவி என்று வரிக்காகத் தீர்மானிக்க 170 மில்லிமீட்டர் இடைவெளி என்று விதியில் எழுதினார்கள். நானும் போன வருடம்தான் லைசென்ஸ் புதுப்பித்தேன். 55 தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவர் சான்றிதழோடு. கண்ணைப் பார்த்தார்கள், காதைச் சோதித்தார்கள். வண்டிக்குள் ஏற முடியுமா என்று அந்தப் படிவத்திலும் இல்லை, உங்கள் கையேட்டிலும் இல்லை.

ஆகவே நானே அளந்தேன். என் உயரத்துக்கு 23, 24 அங்குலத்தில் விளிம்பு இருந்தால், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார முடிகிறது. 27 அங்குலம் என்றால் எம்ப வேண்டும். என் மாமனார் காலத்து அம்பாசடரில் 22 சொச்சம் இருந்திருக்கும் என்று இவர் சொல்கிறார். அளந்து பார்க்க இப்போது வண்டி இல்லை, உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் வேட்டி கட்டிய எண்பது வயதுக்காரர்கள் சோபாவில் உட்காருகிற மாதிரி அதில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதுகைக் காட்டி உட்காருவது என்று சொன்னேனே, அது என் கண்டுபிடிப்பு இல்லை. அறுவைக்குப் பிறகு இவருக்குப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்தது. காரில் ஒரு காலை முதலில் உள்ளே வைத்து ஏறாதீர்கள். திரும்பி நின்று முதலில் உட்காருங்கள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். வழுக்கித் திரும்ப வசதியாக இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொள்ளுங்கள் என்றாள். புடவை கட்டிய பெண்கள் எல்லாரும் எந்த வலியும் இல்லாமலே இப்படித்தான் காரில் ஏறுவோம், வேறு வழி கிடையாது. இவருக்கு அது புதுப் பாடம். கேட்டதும் சிரித்தார். “ஆனைமலை வீட்டுத் திண்ணையில இப்படித்தானே உட்காருவோம்?” என்றார்.

உண்மைதான். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையில் என் அக்கா வீட்டில் இன்னமும் திண்ணை இருக்கிறது. யாரும் அதன்மேல் காலைத் தூக்கி வைத்து ஏறுவதில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்து, பிறகு வேண்டுமானால் காலை மேலே இழுத்துக்கொள்வோம். தைக்குப் போனபோது டேப்பை வைத்துப் பார்த்தேன். 21 அங்குலம். விளிம்பு தட்டையாக, வழவழப்பாக இருக்கிறது. பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு மரத்தூண். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அதைக் கட்டிய கொத்தனார் யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தாரோ தெரியாது, நிச்சயம் பொம்மையை இல்லை.

உங்கள் இருக்கையின் விளிம்போ பந்தய வண்டி மாதிரி இரண்டு பக்கமும் மேடு கட்டியிருக்கிறது. வளைவில் ஆள் நழுவக் கூடாதாம். நான் உக்கடத்துக்குப் போய் மீன் வாங்கி வருகிறவள், எந்த வளைவில் நழுவப் போகிறேன்? அந்த மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் சரிந்து விழ வேண்டும். இறங்கும்போது அதே மேட்டில் திரும்ப ஏற வேண்டும். அதோடு, திண்ணையில் இருப்பது போலப் பிடிக்கத் தூணும் இல்லை. வண்டியின் முன்பக்கக் கம்பத்தில் ஒரு கைப்பிடி இருந்தால் போதும், பாதி பாரம் கைக்கு மாறிவிடும். பக்கத்து இருக்கைக்காரருக்குக் கூரையோரம் ஒரு பிடி கொடுத்திருக்கிறீர்கள். நான் பார்த்த பல வண்டிகளில் ஓட்டுநருக்கு அது கூடக் கிடையாது. நாங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறோம்.

இதில் ஒரு மனக்குறை எனக்கு உண்டு. முதியவர் என்றாலே பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 2025 டிசம்பரில் வேகன் ஆருக்கு வெளிப்பக்கம் திரும்பும் இருக்கை ஒன்று வந்தது. நல்ல காரியம், ஜப்பானில் வெகு காலமாக இருப்பதுதான். ஆனால் அதுவும் இடதுபக்க முன் இருக்கைக்கு. ஓட்டுகிற கிழவி யாருடைய படத்திலும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இன்று அதைவிட அதிகம்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். மருந்துக் கடைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாங்களேதான் ஓட்டிப் போகிறோம். நாற்பது வயதுக்காரர்களைவிட எங்களுக்குத்தான் மின்சார வண்டி பொருந்தும். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர், ராத்திரி வீட்டிலேயே சார்ஜ்.

வீட்டிலேயே சார்ஜ் என்றதும் இன்னொன்று. எங்கள் அடுக்குமாடியில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம். உங்கள் வண்டி கிட்டத்தட்ட 1.9 மீட்டர். மீதியை இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் ஒரு பக்கம் ஓரடிதான். இப்போதெல்லாம் இவரை வாசலிலேயே இறக்கிவிட்டு, நானும் இறங்கி, காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிடுவேன். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே விடுவார். மின்சார வண்டிக்கு அது முடியாது. சார்ஜர் என் தூணில்தான் இருக்கும், ஆகவே அந்தத் தூணுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கும் நடுவேதான் நான் இறங்கியாக வேண்டும். கதவு முதல் நிறுத்தத்துக்கும் இரண்டாம் நிறுத்தத்துக்கும் நடுவே நிற்காது. நம் கீழ்த்தளங்கள் சரிவானவை. அரைகுறையாகத் திறந்த கதவு திரும்பி வந்து முழங்கால் எலும்பில் அடிக்கும். அந்தக் கீலில் இன்னும் இரண்டு நிறுத்தம் வைக்க எவ்வளவு செலவாகும்? எனக்குத் தெரிந்தவரை கூரைக் கண்ணாடியைவிடக் குறைவு.

கைப்பிடியைப் பற்றியும் எழுத வேண்டும். வெளிக் கைப்பிடி கதவோடு கதவாக ஒளிந்துகொண்டு, சாவி கிட்டே வந்தால்தான் தலைகாட்டுகிறது. ஒரு ஷோரூமில் வெயிலில் நின்ற வண்டியில் அது வெளியே வரவே இல்லை. பையன் இரண்டு தட்டு தட்டினான், பிறகு வந்தது. விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு அந்த வழவழப்பில் நகம்கூட மாட்டாது. அடியில் அத்தனை பெரிய பேட்டரியை வைத்துக்கொண்டு, கதவு திறக்கிற வேலையைப் பழைய கார்களில் இருக்கிற அதே சின்ன 12 வோல்ட் பேட்டரியிடம் விடுகிறீர்கள். அது படுத்தால் கைப்பிடியும் படுத்துவிடும். சீனாவில் 2027 ஜனவரி முதல் புது மாடல்களுக்கு, மின்சாரம் இல்லாமலே கையால் திறக்கும் பிடி உள்ளேயும் வெளியேயும் கட்டாயம் என்று விதி செய்துவிட்டார்கள். அங்கே சட்டம் வந்து மாற்றியதை நீங்கள் சட்டம் வரும்முன் மாற்றினால் ஆகாதா?

பின்கதவைப் பற்றி ஒரே வரி: கூரையைப் பின்பக்கம் சரித்து அழகு பார்க்கிற வண்டியில் இவர் மூன்று முறை தலையில் இடித்துக்கொண்டார், மூன்றும் ஒரே வண்டியில்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. சென்னையில் தாழ்தளப் பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்டியிடுகிறது. பாட்டி ஏறியதும் நிமிர்ந்துகொள்கிறது. மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் வந்த வசதி. சில ரூபாய்ச் சீட்டுக்கு மண்டியிடுகிறது பேருந்து. இருபது லட்ச ரூபாய் வண்டி விறைப்பாக நிற்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தபோது, இதென்ன டப்பா மாதிரி உயரமாக என்று ஊரே சிரித்தது. பிறகு வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், நானும் ஓட்டினேன். இருக்கை சரியான உயரத்தில், தலைக்கு மேலே இடத்தோடு இருந்ததுதான் எனக்கு அது பிடித்ததற்குக் காரணம். அதே ஆலையில்தான் இன்று மின்சார எஸ்யூவி உருள்கிறது. செங்கல்பட்டில் வரைகிறார்கள், செய்யாற்றுத் தடத்தில் ஓட்டிச் சோதிக்கிறார்கள், 2025 ஆகஸ்டிலிருந்து தூத்துக்குடியிலும் செய்கிறார்கள். இவ்வளவும் ஒரு ராத்திரிப் பேருந்துத் தூரத்துக்குள் நடக்கும்போது, யாரோ முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கு எழுதுகிற மாதிரி நான் எழுத வேண்டியதில்லை அல்லவா?

1990-களில் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஓர் அங்கி தைத்தது. மூட்டுகளை இறுக்கும் பட்டை, விரலை மரக்கவைக்கும் கையுறை, பார்வையை மங்கவைக்கும் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு இளம் பொறியாளர்கள் காரில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்த பிறகு உருவானது ஃபோகஸ் கார். உங்களுக்கு அங்கி தைக்கிற செலவும் வேண்டாம். வண்டியின் மாதிரியைக் களிமண்ணில் செய்து வைத்திருக்கும் நாளில் உங்கள் அம்மாவைப் புடவையோடும், மாமனாரை வேட்டியோடும் வரச்சொல்லுங்கள். ஒரு தடவை ஏறச் சொன்னால் சமாளித்துவிடுவார்கள், மகன் மனது நோகக் கூடாதென்று “நல்லாத்தான் இருக்கு கண்ணு” என்று வேறு சொல்லுவார்கள். பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எட்டாவது தடவை எங்கே கை வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு பிடி வையுங்கள்.

அதற்கெல்லாம் நாலைந்து வருடம் ஆகும் என்பீர்கள். ஆகட்டும். அதற்கு முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வண்டிக்கு ஒரு விவரத் தாள் அச்சடிக்கிறீர்களே, நீளம், அகலம், உயரம், கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று, அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள். தரையிலிருந்து ஓட்டுநர் இருக்கை விளிம்பு: இத்தனை மில்லிமீட்டர். இருக்கையை மிகத் தாழ்த்தினால் இவ்வளவு, மிக உயர்த்தினால் இவ்வளவு. உங்கள் கணினியில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. அதை எங்களுக்குச் சொன்னால், ஏழு ஷோரூம் ஏறாமல், வீட்டிலேயே நாற்காலியில் தலையணையை அடுக்கி உட்கார்ந்து பார்த்து முடிவு செய்துவிடுவோம்.

என் இப்போதைய வண்டிக்கு மார்ச் கடைசியில் காப்பீடு முடிகிறது. அதுவரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
சாயிபாபா காலனி, கோயம்புத்தூர்

பி.கு.: கடிதத்தைப் படித்துப் பார்த்த இவர், சார்ஜ் குழாய் மாட்டும் இடத்தை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு தாழ்வாக வைக்காதீர்கள், குனிய முடியவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.